வீட்டுக்கு ஒரு காவல் மணி



தோட்டத்து லயன்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் இன்று சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். சிலர் ஜொகூர் பாருவில் தங்கி நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து போய் வருகிறார்கள். வேறு சிலர் அங்கேயே அடுக்குமாடி வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்திலிருந்து அம்மாவையோ மாமியாரையோ அழைத்துக்கொள்வதும் உண்டு. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, பத்தாவது மாடியிலோ பன்னிரண்டாவது மாடியிலோ வயதான தாய் ஒரு குழந்தையோடு தனித்திருக்கிறாள். லயத்தில் குரல் கொடுத்தால் ஆறு வீட்டுக்காரர்கள் ஓடி வருவார்கள். அங்கே கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்பதே தெரியாது.

இந்தக் கவலையால்தான் பிள்ளைகள், "வீட்டுக்கு ஓர் அலாரம் வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் எதை வைப்பது, எங்கே வைப்பது, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வைக்க வேண்டும். இன்றைய பேச்சில் அதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

முன்பு இருந்த காவல்

மின்சார மணி வருவதற்கு முன்பு சிங்கப்பூரில் காவல் காத்தவர்கள் ஜாகாக்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கிடங்குகளுக்கும் கடைகளுக்கும் முன்னால் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்த சீக்கியக் காவலர்களைப் பழைய சிங்கப்பூர்வாசிகள் இன்றும் நினைவுகூர்வார்கள். ஜாகா என்பது மலாய்ச் சொல். விழித்திருத்தல் என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. நாம் சொல்லும் 'ஜாக்கிரதை'யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே காவல் என்றால் விழித்திருப்பது என்று பொருள். நாம் வாங்கப் போகும் கருவியும் நமக்குப் பதிலாக விழித்திருக்கும் ஒரு ஜாகாதான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கா வட்டாரத்தில் சிராங்கூன் சாலை நெடுகிலும் பழைய கடைவீடுகளைக் காணலாம். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் ஐந்தடிப் பாதை. நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் இருப்பதால் திருடன் அங்கே நின்று பூட்டை உடைப்பது எளிதல்ல. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது இந்த இயற்கைக் காவல் குறைந்தது. அதை ஈடுசெய்யச் சிங்கப்பூர் போலிஸ் 1981ஆம் ஆண்டில் அக்கம்பக்கக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1983ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜப்பான் நாட்டு முறையைப் பின்பற்றி முதல் அக்கம்பக்கப் போலிஸ் சாவடி தோ பாயோவில் திறக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அதாவது வீவகவின், அடுக்குமாடிகளில் போலிஸ் கேமராக்கள் பொருத்தப்பட்டன. இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பது வீட்டுக் கதவுக்கு உட்புறம். அதுதான் நம் பொறுப்பு.

மணி எப்படி அடிக்கிறது?

மின்சாரக் காவல் மணி புதிய பொருளன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் என்பவர் 1853ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கதவோ சன்னலோ திறந்தால் மின்சுற்று இணைந்து, மின்காந்தம் ஒரு சிறு சுத்தியலை அசைத்து மணியை அடிக்கும். 1857இல் எட்வின் ஹோம்ஸ் என்பவர் அந்த உரிமையை வாங்கி வியாபாரமாக வளர்த்தார்.

இந்த முறையில் ஒரு குறை இருந்தது. கதவு திறந்தால்தான் மின்சாரம் ஓடும். திருடன் முன்கூட்டியே கம்பியை அறுத்துவிட்டால் மின்சாரம் ஓடாது, மணியும் அடிக்காது. ஆகவே பிற்காலத்தில் முறையைத் தலைகீழாக்கினார்கள். எப்போதும் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் மணி அடிக்கும். கதவு திறந்தாலும் நிற்கும். கம்பி அறுந்தாலும் நிற்கும். இரவில் மணிக்கொரு தரம் குரல் கொடுக்கும் காவல்காரரின் குரல் ஒரு மணி நேரம் கேட்கவில்லை என்றால் ஏதோ ஆபத்து என்று எழுந்து பார்ப்போம் அல்லவா? அதே தத்துவம்தான்.

கதவில் பொருத்தும் கருவி இரண்டு துண்டுகளாக இருக்கும். ஒன்றில் காந்தம். மற்றொன்றில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒன்றையொன்று தொடாத இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். காந்தத்தைக் கதவிலும் குழாயைக் கதவு நிலையிலும் பொருத்துவார்கள். கதவு மூடியிருக்கும்வரை தகடுகள் ஒட்டியிருக்கும், திறந்தால் பிரியும். பள்ளியில் காந்தத்தை ஆணியின் அருகே கொண்டுபோய் விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் இது உடனே விளங்கும்.

இரண்டாவது கருவி ஆள் நடமாட்டத்தை அறிவது. நம் உடல் எப்போதும் வெப்பக் கதிரை வெளிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை அறியும் 'கண்' இந்தக் கருவியில் உண்டு. அறையின் வெப்ப நிலைக்கு மாறான ஓர் உருவம் குறுக்கே நகர்ந்தால் அது உணர்ந்துவிடும். நம் நாடுகளில் இதற்கு ஒரு சங்கடம் இருக்கிறது. குளிர்நாட்டில் சுவருக்கும் மனித உடலுக்கும் வெப்ப வேறுபாடு அதிகம். சிங்கப்பூரின் நடுப்பகலில் அந்த வேறுபாடு குறைவு. ஆகவே பகலில் கருவி சற்று மந்தமாக இருக்கலாம். இதை மட்டும் நம்பாமல் கதவுக் கருவியையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் கருவிகள் சொல்லும் செய்தியை வாங்கிக்கொள்வது ஒரு மூளைப் பெட்டி. அது ஊதுமணியை அலற வைக்கும். இக்காலத்தில் கைத்தொலைபேசிக்கும் தகவல் அனுப்பும்.

கேமராவின் கதையையும் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற தாதி வாழ்ந்தார். அவர் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்தவர். தனியாக வீட்டில் இருக்கும்போது கதவைத் தட்டுவது யார் என்று திறக்காமலே பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மின்னணுத் தொழில் தெரிந்த கணவரோடு சேர்ந்து, கதவில் கேமராவும் உள்ளே தொலைக்காட்சித் திரையும் கொண்ட ஓர் அமைப்பை உருவாக்கினார். 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார். வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் அச்சத்திலிருந்து பிறந்த கருவி அது.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

நேயர்களே, அலாரம் திருடனைத் தடுக்காது. அவன் வந்துவிட்டான் என்று மட்டுமே சொல்லும். தடுப்பது பூட்டும் கதவும்தான். பூட்டு ஆடிக்கொண்டிருக்கும் கதவுக்குப் பல நூறு வெள்ளியில் அலாரம் வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குச் சரிகைத் துணி சுற்றுவது போலாகும். முதலில் மரக்கதவின் பூட்டையும் இரும்புக் கதவின் பூட்டையும் சரிபாருங்கள். தாழ்வாரத்துப் பக்கம் இருக்கும் சன்னலைத் திறந்துவைத்து, கை எட்டும் தூரத்தில் கைப்பையையும் சாவியையும் மாட்டி வைக்காதீர்கள். சாவியைச் செருப்புப் பெட்டியிலும் பூந்தொட்டியின் கீழும் ஒளித்து வைக்கும் வழக்கத்தை விடுங்கள். அங்கேதான் திருடன் முதலில் தேடுவான்.

கல்யாணத்துக்குச் சேர்த்த நகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் பெற்றோர் சேர்த்த தங்கம் அது. தேக்கா நகைக்கடைகளில் வாங்கி, அப்படியே அலமாரியில் துணிக்கு அடியில் வைப்பதைவிட வங்கியின் பெட்டகத்தில் வைப்பது நல்லது. அன்றாடம் அணிவது மட்டும் வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. திருடனுக்குப் பயந்து இரும்புக் கதவைப் பூட்டி, சாவியை வேலைக்குப் போகும் மகன் சட்டைப்பையில் எடுத்துப் போகும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. உள்ளே தீப்பிடித்தால் அந்தத் தாயும் குழந்தையும் எப்படி வெளியே வருவார்கள்? திருடனை வெளியே நிறுத்தும் பூட்டு, வீட்டாரை உள்ளே சிறைவைக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெரியவர் கைக்கும் எட்டும் இடத்தில், வெளியிலிருந்து கை நீட்டி எடுக்க முடியாத இடத்தில், ஒரு சாவி எப்போதும் இருக்க வேண்டும்.

முதல் மணி புகைமணி

திருடன் பொருளைக் கொண்டுபோவான்; தீ உயிரைக் கொண்டுபோகும். ஆகவே ஒரே ஒரு மணி வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், அது புகைமணியாக இருக்கட்டும். சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதியிலிருந்து புதிய வீடுகள் அனைத்திலும் இதைப் பொருத்துவது கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் கட்டிய பழைய வீடுகளில் பல இது இல்லாமலே இருக்கக்கூடும். நம் பிள்ளைகள் வாடகைக்குப் பிடிப்பது பெரும்பாலும் இத்தகைய வீடுகளைத்தான்.

பெரும்பாலான வீட்டுப் புகைமணிகளில் இருட்டான ஒரு சிறு அறையும், அதற்குள் ஒரு விளக்கும், ஓர் ஒளிக்கண்ணும் இருக்கும். சாதாரணமாக விளக்கின் ஒளி கண்ணில் படாது. புகை நுழைந்தால் ஒளி சிதறிக் கண்ணில் படும், மணி அலறும். புகை மேலே எழுவதால் இதைக் கூரையில் பொருத்த வேண்டும். படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடைப்பகுதி நல்ல இடம். அடுப்படியில் கடுகு தாளிக்கும் இடத்திலும், சாமி மாடத்தில் சாம்பிராணி போடும் இடத்திலும் பொருத்தினால் தினமும் அலறும். பிறகு எரிச்சலில் யாராவது மின்கலத்தைக் கழற்றி வைத்துவிடுவார்கள். கழற்றி வைத்த புகைமணியும் இல்லாத புகைமணியும் ஒன்றுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

திருட்டு மணி இரண்டு வகை. கம்பி இழுத்துப் பொருத்துவது ஒன்று; கம்பியில்லாமல் வானொலி அலையால் பேசுவது மற்றொன்று. சொந்த வீட்டைப் புதுப்பிக்கும்போது கம்பி முறையை வைக்கலாம். அது நீண்டநாள் உழைக்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அங்கே ஒட்டிவைக்கும் கம்பியில்லாக் கருவியே ஏற்றது. வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

கடைக்காரரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். மின்சாரம் தடைப்பட்டால் உள்ளிருக்கும் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும்? இணையம் நின்றாலும் ஊதுமணி அடிக்குமா? ஒரு கருவி பழுதானாலோ அதன் மின்கலம் தீர்ந்தாலோ மூளைப் பெட்டி நமக்குத் தெரிவிக்குமா? மாதச் சந்தா உண்டா, உண்டென்றால் ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு? பழுதுபார்க்க யார் வருவார்? இந்த ஐந்துக்கும் தெளிவான விடை சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

வீடு தேடி வந்து, "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்று அவசரப்படுத்துபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். இரவில் நடந்த திருட்டுக் கதைகளைச் சொல்லிப் பயமுறுத்துவது அவர்களில் சிலருக்கு வழக்கம். பயத்தில் வாங்குகிறவர் விலை கேட்பதில்லை. வீட்டுக்கே வந்து செய்யும் இத்தகைய விற்பனை ஒப்பந்தங்களை, வார இறுதியும் பொது விடுமுறையும் நீங்கலாக 5 நாளுக்குள் ரத்து செய்யச் சிங்கப்பூர்ச் சட்டம் இடமளிக்கிறது. சந்தேகம் இருந்தால் 1971ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் கேட்கலாம்.

பொருத்தும் முறை

முதலில் பிள்ளையின் பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வீட்டின் படத்தை வரையுங்கள். கதவு, சன்னல், படுக்கை, சாமி மாடம், அடுப்பு எல்லாவற்றையும் குறியுங்கள். மனிதன் நுழையக்கூடிய வழிகளை வட்டமிடுங்கள். உயரமான மாடி வீட்டில் அது பெரும்பாலும் முன்கதவும் தாழ்வாரத்துச் சன்னலும் மட்டும்தான். தரைவீடாக இருந்தால் பின்கதவும் எல்லாச் சன்னல்களும் கணக்கில் வரும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் பத்துக் கருவி வைத்தார் என்று நாமும் பத்து வாங்க வேண்டியதில்லை.

கதவுக் கருவியின் இரு துண்டுகளுக்கும் இடைவெளி, பெட்டியில் குறித்திருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. காந்தத்தின் பலம் தூரத்தில் வேகமாகக் குறையும். இரும்புக் கதவில் ஒட்டினால் இரும்பு காந்தத்தின் பலத்தைத் திசைதிருப்பிவிடும். மரக்கதவில் வைப்பதே நல்லது.

நடமாட்டக் கருவியை அறையின் மூலையில், ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் வைக்கலாம். நுழைபவர் அதை நோக்கி வருவதைவிட அதற்குக் குறுக்கே நடக்கும்படி இருந்தால் நன்றாக அறியும். வெயில் விழும் சன்னல், அடுப்பு, சாமி விளக்கு ஆகியவற்றை அது பார்க்கக் கூடாது. அதன் மேல் பல்லி ஊர்ந்தாலும், உள்ளே எறும்பு புகுந்தாலும் பொய்மணி அடிக்கும். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். மின்சாரக் கம்பி வேலையைத் தெரிந்தவர் என்று யாரையும் அழைக்காமல் உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். 230 வோல்ட் மின்சாரத்தோடு விளையாடக் கூடாது.

இரகசிய எண்ணாகப் பிறந்த நாளையோ வீட்டு எண்ணையோ வைக்காதீர்கள். பாட்டி உட்பட வீட்டில் உள்ள எல்லாரும் மணியைப் போடவும் நிறுத்தவும் பழக வேண்டும். மகனுக்கு மட்டும் தெரிந்த கருவி, மகன் இல்லாத நேரத்தில் பயன்படாது. மாதம் ஒருமுறை வேண்டுமென்றே கதவைத் திறந்து சோதித்துப் பாருங்கள். முன்னதாகவே அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். புலி வருது, புலி வருது என்று கத்திய பையன் கதை நமக்குத் தெரியும். பொய்யாக அடிக்கடி அடிக்கும் மணிக்கு உண்மையான ஆபத்தில் யாரும் வரமாட்டார்கள்.

கேமரா வைப்பவர்களுக்கு

2023ஆம் ஆண்டு மே மாதம் முதல், வீவக வீட்டுக்குள் பொருத்தித் தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அது பிறர் வீட்டுக் கதவையும் சன்னலையும் நோக்கக் கூடாது. நம் காவல் அடுத்தவர் மானத்துக்குக் கேடாக இருக்கக் கூடாது அல்லவா?

வீட்டுக்கு உள்ளே கேமரா வைப்பதில் அதைவிடக் கவனம் வேண்டும். சிங்கப்பூர் வீடுகள் உட்படப் பல வீடுகளின் கேமராக்களில் அந்நியர் இணையம் வழியாகப் புகுந்து, காட்சிகளைத் திருடி விற்ற செய்தி 2020ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. கடையிலிருந்து வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுவைப்பது கதவில் சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம். அதை உடனே மாற்றுங்கள். படுக்கையறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா வேண்டவே வேண்டாம். இணையப் பாதுகாப்புக்கு 1 முதல் 4 வரை தரம் குறிக்கும் முத்திரைத் திட்டம் ஒன்று சிங்கப்பூரில் 2020இல் தொடங்கியது. வாங்கும் பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மணி அடித்தால்

வெளியிலிருந்து வரும்போது கதவு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். திருடன் இன்னும் உள்ளே இருக்கலாம். பக்கத்து வீட்டில் நின்று 999ஐ அழையுங்கள், எதையும் தொடாதீர்கள். உள்ளே இருக்கும்போது மணி அடித்தால் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு அதே எண்ணை அழையுங்கள். பொருளுக்காகப் போராட வேண்டாம். புகைமணி அடித்தால் எல்லாரையும் வெளியே கூட்டிவந்து, கதவைச் சாத்திவிட்டு 995ஐ அழையுங்கள். மின்தூக்கியில் இறங்காமல் படிக்கட்டில் இறங்குங்கள். மலேசியாவில் போலிசுக்கும் தீயணைப்புக்கும் 999 ஒன்றே போதும். இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, பாட்டியின் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டி வையுங்கள். வீட்டு முகவரியையும் பக்கத்தில் எழுதுங்கள். பதற்றத்தில் அடுக்குமாடி எண் மறந்துபோகும்.

இறுதியாக ஒன்று. இக்காலத்துத் திருடர்களில் பலர் கதவு வழியாக வருவதில்லை. தொலைபேசி வழியாக வருகிறார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் குறைந்தது 110 கோடி வெள்ளி பறிபோயிற்று. போலிஸ் என்றும் வங்கி என்றும் சொல்லிப் பேசுபவனை எந்த ஊதுமணியும் காட்டிக்கொடுக்காது. பணம் அனுப்பச் சொன்னால் தொலைபேசியை வைத்துவிட்டு, 1799 என்ற எண்ணை அழைத்து விசாரிக்கலாம். பிள்ளைகளைக் கலந்து பேசலாம்.

ஆகவே நேயர்களே, வரிசை இதுதான். முதலில் நல்ல பூட்டும் கைக்கெட்டும் சாவியும். அடுத்து புகைமணி. அதற்கடுத்துக் கதவுக் கருவியும் நடமாட்டக் கருவியும். கடைசியில், தேவையென்றால், கேமரா. இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்யக்கூடியதும் செலவில்லாததுமான ஒரு காரியம் உண்டு. குடிபோன முதல் வாரத்திலேயே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, இன்னார் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வருவது. எதிர்வீட்டார் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். பாட்டிக்கு அவர்கள் மொழி தெரியாமல் போகலாம். தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்கு கொடுக்க மொழி தேவையில்லை. மணி எவ்வளவு உரக்க அடித்தாலும், அதைக் கேட்டு வர ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.